மாப்பிள்ளைக்கு ஒரு ஜேர்சி

1

நான் செய்த மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி வசந்தி ஊருக்கு ஃபோன் எடுத்துச் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது மேல்.

போன மாதம் மகள் கீர்த்திக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் நிறைய ஆட்கள். நான் மைக்கைப் பிடித்து, வருங்கால மருமகன் டானியலை முன்னால் கூப்பிட்டு, மினுங்கும் தாளில் சுற்றிய பொதி ஒன்றைக் கொடுத்தேன். அவன் பிரித்தான். உள்ளே எங்கள் வட்டாரக் காற்பந்துக் கழகத்தின் நீல ஜேர்சி. முதுகில் அவனுடைய பெயர். "அடுத்த சீசனிலிருந்து மாப்பிள்ளை எங்கள் டீமில்தான் விளையாடுவார்" என்று இங்கிலீசில் அறிவித்தேன். "மேல் அறையும் ரெடி" என்று தமிழில் சேர்த்தேன்.

இதில் என்ன மடத்தனம் என்று கேட்பீர்கள். டானியல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கழகத்தின் கப்டன். எங்கள் பரம எதிரி. அந்தச் சிவப்புக் கழகம் முழுவதும் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, கையில் மட்டன் ரோல்ஸோடு, முன்வரிசையில் நின்றது. இன்னொன்று. ஜேர்சியைப் பற்றியோ மேல் அறையைப் பற்றியோ நான் அவனிடம் ஒரு சொல்லும் கேட்டிருக்கவில்லை. மகளிடமும் கேட்டிருக்கவில்லை.

ஒரே ஒருவர் கை தட்டினார். எங்கள் கழகச் செயலாளர் பரம்ஜித். ஜேர்சியில் பெயர் அடிப்பித்தது அவர்தான்.

டானியல் நல்ல பையன். ஜேர்சியை நெஞ்சில் பிடித்துப் பார்த்து, "அளவு சரி, மாமா" என்றான். அவனுக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களில் மாமா ஒன்று. முகம் மட்டும் அவனுடைய கழகத்தின் நிறத்துக்குப் போயிருந்தது.

"அப்பா, மைக்க வைங்க" என்றாள் கீர்த்தி.

"இஞ்சேருங்க, போய் தண்ணி குடிங்க" என்றாள் வசந்தி. எங்கள் வீட்டில் இது கடைசி எச்சரிக்கை.

2

லண்டன் முடிந்தும் முடியாமலும் இருக்கிற இடத்தில் எங்கள் குடியிருப்பு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வந்த புதிதில் இரண்டு தடவை பக்கத்து வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறேன். நடுவில் ரயில் பாதை. இந்தப் பக்கம் நாங்கள், நீலம். அந்தப் பக்கம் அவர்கள், சிவப்பு. என்ன பகை என்று யாருக்கும் ஞாபகமில்லை. பகை மட்டும் நல்ல சுகத்தோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா மைதானத்தில் ஆட்டம். நான் கீப்பர். ஐம்பதைத் தாண்டியும் கீப்பர், ஏனென்றால் மழையில் அசையாமல் நிற்க வேறு ஆள் கிடைப்பதில்லை. ஆட்டத்துக்கு முன் கோலடியில் நாய்கள் விட்டுப்போனவற்றை அள்ளுவதும் என் பொறுப்பு. தங்கள் நாய் போன இடத்தை எனக்கு விரலால் காட்டித் தருகிற அளவுக்கு இந்த ஊர் மக்கள் மரியாதையானவர்கள்.

மகள் ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சமயம் வேறு என்றார்கள். சரி. இடியப்பத்தைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டான். அதுவும் சரி. "எங்க விளையாடுறார்?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னாள். எழும்பிப் போய்த் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு எனக்கு ஒரு வெளிச்சம் அடித்தது. கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? அவன் எங்கள் பக்கம் வந்துவிடுவானே!

3

இந்த வெளிச்சம் மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு மட்டும்தான் அடிக்கும். நம்மிடம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறவன். பெற்றவர்கள் அறையைக் கொடுத்துவிட்டு அடுக்களைப் பக்கம் ஒதுங்குவார்கள். மகள் எங்கும் போவதில்லை. போகிறவன் மகன். ஆகவே எங்கள் ஊரான கல்லடியில் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குகிற வேலையெல்லாம் இருக்கவில்லை. பெண்ணைக் கொடுத்து எடுத்தோம்.

டவுனில் இருந்து பாலம் தாண்டினால் பெரிய றோட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நான் வாவிப் பக்கம். எங்கள் கழகம் வாவித்தென்றல். வசந்தி கடல் பக்கம். அவர்களுடையது அலையொளி. தாலி கட்டி முடிந்து கழுத்தில் மாலையோடு நிற்கிறேன், அலையொளிச் செயலாளர் பந்தியில் இருந்து எழும்பி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாலைக்கு மேலே ஒரு ஜேர்சியைப் போட்டார். ஒரு கையெழுத்து இல்லை, ஒரு கேள்வி இல்லை. அடுத்த வாரம் எனக்கு முன்னால் பந்தோடு ஓடி வந்தவன் என் சொந்த அண்ணன், வாவித்தென்றலின் ஸ்ட்ரைக்கர்.

பந்து என் கால்களுக்கு நடுவால் போனது.

"என்னடா, மாமி வீட்டுச் சோறு குனிய விடுதில்லையோ!" என்று அண்ணன் மைதானமே கேட்கக் கத்தினான்.

மாமி, வசந்தியின் தாய், குடையும் கையுமாகக் கோட்டோரத்தில் நின்றா. தன் மருமகனைத் தான் ஏசலாம், மற்றவன் ஏசக்கூடாது என்பது அவவின் கொள்கை. "டேய், எண்ட மருமகன் குனிவான், குனியாம நிப்பான், அது எங்கட வீட்டு விசயம்! நீ ஒண்ட வேலையப் பாரு!" என்று அவனுக்கு ஒன்று கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. "மனே, காலை ஒடுக்கி வெச்சா என்ன? அதுவும் நான்தான் வந்து சொல்லணுமா?"

கோலுக்குப் பின்னால் றோட்டோரம் ஆமிச் சென்றி, அதாவது காவலரண், இருந்தது. பந்து அங்கே போனால் எடுத்து வருவது கீப்பரின் கடமை. சும்மா ஓடிப்போக முடியாது. கையை உயர்த்திக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். விளையாடுகிற காற்சட்டையில் பொக்கற் இல்லாதபடியால் அட்டையைச் சொக்ஸுக்குள் வைத்திருப்பேன். சிப்பாய் அட்டையைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்ப்பான், வியர்வை நாற்றத்தில் அட்டையைத் தூரப் பிடித்துக்கொண்டு திருப்பித் தருவான். நான் கையை உயர்த்திக்கொண்டு போகிற ஒவ்வொரு தடவையும் மாமியின் குரல் பின்னால் வரும். "பந்து போன மறுகா என்னத்துக்குக் கையத் தூக்குற?" மறுகா என்றால் எங்கள் ஊரில் பிறகு.

இப்போதும் லண்டனில் ஓட்டுநர் உரிமத்தைச் சொக்ஸுக்குள் வைத்துக்கொண்டுதான் கோலில் நிற்கிறேன். அது இல்லாவிட்டால் கால் லேசாகிப் பயமாக இருக்கிறது.

4

2004 டிசம்பர், நத்தாருக்கு அடுத்த நாள் காலை. கீர்த்திக்கு மூன்று வயது. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு றோட்டைக் கடந்து அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், சண்டை பிடிக்க. அதற்கு முந்தின வாரம் அவன் அடித்த கோல் ஓஃப்சைட் என்பது என் கட்சி. முற்றத்தில் தடியால் கோடு கீறி அதை நிரூபித்துக்கொண்டிருந்தபோது கடல் வந்தது.

றோட்டுக்கு இந்தப் பக்கம் முழங்காலளவு தண்ணீர். அந்தப் பக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வசந்தியைப் பின்னேரம் ஒரு பள்ளிக்கூடத்து மேல்மாடியில் கண்டேன். மாமியைக் காணவில்லை. பிறகும் காணவில்லை. அலையொளிப் பையன்களில் யார் யார் போனார்கள் என்று எழுதத் தொடங்கினால் இது வேறு கட்டுரையாகிவிடும். எழுதவில்லை. ஒரு றோட்டின் அகலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்று நாலு மாதம் கழித்து, முகாமாக இருந்த பள்ளிக்கூட மைதானத்தில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். அலையொளிக்கு ஏழு பேர்தான் தேறினோம். ஜேர்சியும் இல்லை. நிவாரண மூட்டைகளைக் கிளறினோம். கம்பளிக் கோட்டு வந்தது, நீச்சலுடை வந்தது, கடைசியில் எந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தினதோ பச்சை ஜேர்சிக் கட்டு ஒன்று வந்தது. எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளின் அளவு. போட்டோம். ஏழு தொப்புள்களும் வெளியே.

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து அண்ணன் நடந்து வந்தான். பின்னால் வாவித்தென்றலின் இன்னும் மூன்று பேர். நால்வரும் ஜேர்சியைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள்.

"நாங்க மாப்பிள்ளைமாரா வந்திரிக்கம்" என்றான் அண்ணன். "பொண்ணு பிறகு பாப்பம். சட்டையத் தா."

"டேய், உனக்கு ரெண்டு புள்ள இரிக்கு" என்றேன்.

"அலட்டாத. சட்டையத் தாடா எண்டா."

அந்தப் பச்சைச் சட்டை அவனுக்கு நெஞ்சோடு நின்றுவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு தன் சொந்தக் கழகத்துக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான். முகாம் முழுவதும் எழும்பி நின்று சிரித்தது. நானும் சும்மா இருக்கவில்லை, எங்கள் பக்கம் மூன்று கோலை உள்ளே விட்டேன். மூன்றாவது போனபோது கோட்டோரத்தில் இருந்து ஒரு சத்தம். "பந்து போன மறுகா என்னத்துக்குக் கையத் தூக்குறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். வசந்தி. மாதக்கணக்காக வாய் திறக்காமல் இருந்தவள், யாரோ ஒருவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு என்னை ஏசிக்கொண்டிருந்தாள். அதைப்போல ஒரு சந்தோசத்தோடு நான் கோல் வாங்கியதே இல்லை.

5

பிறகு நாட்டில் திரும்பவும் சண்டை தொடங்கியது. சண்டைக்குப் பையன்களைப் பிடிக்கிறார்கள் என்ற பயம். மாலை ஆட்டங்கள் நின்றுவிட்டன. நான் முதலில் லண்டனுக்கு வெளிக்கிட்டேன், வசந்தியும் கீர்த்தியும் பிறகு வந்தார்கள். சண்டை முடிந்த வருடம், ஒரு சுப்பர்மார்க்கட்டின் பின்புறம் பால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஃபோன் எடுத்தான்.

"சென்றிய எடுத்திட்டானுகள்டா. பந்து போனா இனி நேர ஓடிப் போய் எடுக்கலாம்."

"கீப்பர் ஆரு?"

"ஆருமில்ல. ஓடுறதுக்கும் அஞ்சாறு பேர்தான். கோலுக்கு ரெண்டு கல்லு வெச்சிரிக்கம். ஒன்னை விட ஒரு கல்லு நல்லாப் பிடிக்கிது."

இங்கே ஊன்றிக்கொண்ட பிறகு நான் செய்த ஒரே பெரிய வேலை அந்த மேல் அறை. கூரையைத் தூக்கி, கீர்த்தியும் வரப்போகிறவனும் இருப்பதற்கு அறை, குளியலறை, சின்ன அடுப்பு. நகரசபைக்கு விண்ணப்பித்தபோது 'எதற்காக' என்ற இடத்தில், மருமகனை உள்ளே எடுப்பதற்கு என்று எழுதினேன். நான் ஆட்களை வாடகைக்கு வைக்கிறேனா என்று பார்க்க ஒருவர் வந்தார். எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, யன்னல் பக்கத்து வீட்டைப் பார்க்கிறது, தெளிவில்லாத கண்ணாடிதான் போட வேண்டும் என்றார். போட்டேன். கீர்த்தியிடம், பழைய சாமான்கள் வைக்க என்று சொல்லியிருந்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு அடுத்த நாள் அவள் மேலே ஏறிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். இரட்டைத் தலையணைகளைப் பார்த்தாள். கீழே வந்து என் முன்னால் இருந்தாள்.

"அப்பா, நாங்க ஃபிளாட் எடுத்திட்டம். அந்தப் பக்கம். மைதானத்துக்குப் பக்கத்தில."

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமா?"

"நடந்து வரலாம் அப்பா. பாலத்தால ஏறி இறங்கினா வீடு."

"நம்மட வழக்கத்தில பொம்புளப் புள்ள வீட்டை விட்டுப் போறதில்ல மகள். ஆம்புளதான் வாறது. பொம்புள எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் எல்லாரும்."

அவள் கேட்டாள். "அந்த ஜேர்சி அவருக்கா, எனக்கா?"

வேறு தகப்பனாக இருந்தால் அந்த இடத்தில் நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பான். நான் எழும்பிப் போய்த் தோட்டத்தில் நின்றேன். அந்தத் தோட்டத்துக்கு என் முதுகு நல்ல பழக்கம்.

6

இரண்டு வாரம் அவள் பெட்டி கட்டினாள். நான் உதவி செய்கிறேன் என்று சொல்லி, அவள் கட்டிய பெட்டிகளைத் தொலைவில் தொலைவில் வைத்தேன். வசந்தி அவற்றைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுவந்தாள். கீர்த்தி போன அன்று வீட்டில் ரயில் சத்தம் முதல் தடவையாகக் கேட்டது. அதுவரை ஓடிய ரயில்கள் எந்தப் பக்கத்தால் போயின என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஃபோன் வந்தது. அடுத்த நாள் நீலத்துக்கும் சிவப்புக்கும் நட்பு ஆட்டம்.

"அப்பா, எங்கட கீப்பருக்கு விரல் உடைஞ்சிட்டு. நீங்க வந்து நிக்கிறீங்களா?"

"மகள், நான் மற்றப் பக்கம்!"

"நீங்கதானே சொன்னீங்க, பொம்புள எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் எல்லாரும் எண்டு."

நான் தோட்டத்துப் பக்கம் பார்த்தேன். வெளியே மழை.

"பதிவு, கையெழுத்து..." என்று இழுத்தேன்.

"நட்பு ஆட்டம் அப்பா. ஒண்டும் தேவையில்ல. வாங்க."

ஞாயிறு காலை கையுறையைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் பாலத்தில் ஏறினேன். கலியாணத்தன்று பெரிய றோட்டைக் கடந்ததும் இப்படித்தான், கையில் ஒரு பெட்டியோடு. வசந்தி பின்னால் குடையோடு வந்தாள். மைதான வாசலில் டானியல் நின்றான். அவன் கையில் மினுங்கும் தாளில் ஒரு பொதி. நான் கொடுத்த அதே தாள், மடிப்புகள்கூட அதே இடத்தில்.

பிரித்தேன். சிவப்பு ஜேர்சி. முதுகில் பெரிதாக மாமா என்று இங்கிலீஸ் எழுத்தில் அடித்திருந்தது.

"அளவு சரியா, மாமா?" என்றான்.

அதை இங்கிலீஸ்காரன் வாசித்தால் அம்மா என்று வரும் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்று முழுவதும் அந்தப் பக்கத்துச் சனம் ஒரு தொப்பை வைத்த கிழவனை "கமோன் அம்மா! குட் சேவ் அம்மா!" என்று உற்சாகப்படுத்தியது. குட் சேவ் என்றது ஒரே ஒரு தடவை. அதுவும் பந்து கம்பத்தில் பட்டது.

தொடங்குமுன் நடுவர் என் சொக்ஸில் துருத்திக்கொண்டிருந்ததைக் கண்டு என்ன என்று கேட்டார். உரிமத்தை உருவிக் கொடுத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு தூரப் பிடித்துக்கொண்டு திருப்பித் தந்தார். எனக்கு ஊரில் நிற்பதுபோல் இருந்தது.

பரம்ஜித் நீலத்துக்கு முன்வரிசையில் ஆடினார். என்னைக் கோலில் கண்டதும் நின்ற இடத்தில் நின்று பஞ்சாபியில் ஏதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் சாரம் விளங்கியது. பிறகு ஓடி வந்து அடித்தார். கால்களுக்கு நடுவால். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதுவும் அதே வழியால். "தேங்க்ஸ், அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினார். இருபது வருடத்துக்கு மேலாக நான் ஒரே கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், ஊரும் நாடும்தான் மாறியிருக்கின்றன. டானியல் எதிர்ப் பக்கம் ஒன்று அடித்தான். அதை நான் சரி செய்தேன்: மூன்றாவதையும் உள்ளே விட்டேன். கோட்டோரத்தில் ஒரு குடைக்குக் கீழே தாயும் மகளும். இரண்டு குரல் சேர்ந்து வந்தது. "பந்து போன மறுகா என்னத்துக்குக் கையத் தூக்குறீங்க?" கீர்த்தியின் தமிழ் கொஞ்சம் லண்டன் அடிக்கும். இந்த வசனத்தில் மட்டும் அடிக்கவில்லை.

தோற்றோம். அந்தத் தோல்வியில் 'நாங்கள்' என்றால் யார் என்று வீட்டுக்கு வரும் வரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆட்டம் முடிந்து ஃபிளாட்டில் தேத்தண்ணி. டானியல் ஊற்றினான், சீனி கூட. சமையலறை யன்னலால் மைதானம் தெரிந்தது, அதற்கு அங்கால் தண்டவாளம், அதற்கும் அங்கால் எங்கள் மேல் அறையின் தெளிவில்லாத கண்ணாடி. "இரவில லைட் போட்டு வைங்கப்பா, இஞ்ச இரிந்து பார்ப்பன்" என்றாள் கீர்த்தி. போட்டு வைப்பதாகச் சொன்னேன். கரன்ட் பில் பற்றி வசந்தி ஏதோ தொடங்கினாள், பிறகு விட்டுவிட்டாள்.

திரும்பி வரும்போது பாலத்தின் உச்சியில் நான் நின்றேன். கீழே ஒரு ரயில் போனது. சிவப்பு ஜேர்சி உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. முழங்கால் இரண்டும் வலித்தன. ஆனாலும் உள்ளே ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. வசந்தியிடம் அழகாக ஒன்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவள் குடையை மடக்கி உதறினாள்.

"மூண்டு பந்தில ஒண்டைப் பிடிக்க ஏலாத மனிசன்," என்றாள், "புள்ளையப் பிடிச்சு வெக்கப் போனாராம்."